நஞ்சையில் நட்ட மஞ்சள் கல்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சாலையில் போங்கள், திருவையாறு சாலையில் போங்கள், ஊர் எல்லை தாண்டியதும் இங்கிலாந்து தொடங்கிவிடும். விசா தேவையில்லை. சிமென்டு வளைவு ஒன்று நிற்கும். அதைத் தாங்க இரண்டு ரோமாபுரித் தூண்கள், தூண் தலையில் தங்க பெயின்ட் அடித்த சிங்கங்கள். வளைவில் கார்டன், அவென்யூ, என்க்ளேவ், கவுண்டி என்று ஏதோ ஒன்று எழுதியிருக்கும். உள்ளே கிராவல் சாலை, கயிற்றில் ஆடும் கலர்க் கொடிகள், வரிசையாக மஞ்சள் பூசிய கற்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் போன தாளடியின் அறுத்த தாள் இன்னும் மட்காமல் நிற்கும்.

வளைவுக்குக் கீழே கொஞ்சம் குனிந்து பாருங்கள். சிங்கத்தைப் பார்க்க வந்தவர்கள் பார்க்காத இடம் அது. நான்கடி அகலத்தில் ஓடிய பாசன வாய்க்கால் அங்கே ஆறு அங்குல பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைகிறது. குழாயின் வாயில் ஒரு சாராய பாட்டிலும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் வந்து, மதகு மதகாக இறங்கி, இத்தனை மைல் வந்த காவிரி இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. இதற்கு அந்தப் பக்கம் கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இந்தத் தண்ணீருக்குத்தான் 1990-இல் நடுவர் மன்றம் வாங்கினோம். 2007-இல் தீர்ப்பு வந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று முடித்து வைத்தது. பிலிகுண்டுலுவில் கர்நாடகம் விடும் தண்ணீரைச் சொட்டுக் கணக்கில் அளக்கிறோம், டெல்லிக்கு வக்கீல்களை அனுப்புகிறோம், ரயிலை மறிக்கிறோம். அங்கே இத்தனை பாடுபட்டு வாங்கியதை இங்கே பத்து டிப்பர் கிராவல் கொட்டி மூடிவிடுகிறோம். கர்நாடகத்துக்காரன் இதைப் பார்த்தால் அடுத்த முறை வக்கீல் செலவை மிச்சப்படுத்திக்கொள்வான்.

விற்ற விவசாயியைத் திட்டுவது சுலபம். அவர் வீட்டுத் திண்ணையில் தரகர் வந்து உட்கார்ந்து பேசுவதைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

"மாமா, மாவுக்கு என்ன கண்டுமுதல் ஆச்சு?"

"எட்டு குவிண்டால் ஆச்சு மாப்ள."

"கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம்னு சொல்லி எத்தன நாளு போட்டு வச்சாங்க?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். பதில் இல்லை. தரகருக்குப் பதில் தேவையும் இல்லை. 2024-25 பருவத்தில் சன்ன ரகத்துக்கு அரசு தந்த விலை குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். எட்டு குவிண்டாலுக்கு 19,600. உழவு, நாற்று, நடவு, உரம், அறுவடை மிஷின் வாடகை எல்லாம் போக மிச்சத்தை மாமா எண்ணி முடிக்க ஒரு நிமிஷம் போதும். ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் 2024-இல் திறந்தது ஜூலை 28-இல். முந்தைய ஆண்டு குறித்த நாளில் திறந்தார்கள், குறுவை பாதியில் காய்ந்தது. அதே ஒரு மா என்பது 100 குழி, 14,400 சதுர அடி. சதுர அடி ஐந்நூறு ரூபாய் என்று வைத்தாலும் 72 லட்சம். சாலைக்கும் பூங்காவுக்கும் தள்ளிவிட்டு, மாமாவுக்குக் கொடுத்ததையும் கழித்தால், நாற்று நடாதவனுக்கு இப்படி ஒரு மகசூல் சோழன் காலத்திலிருந்து இந்த மண்ணில் விளைந்ததில்லை.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? ஐயோ, சட்டத்துக்கா பஞ்சம்! 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. பட்டாசு வெடித்தோம், பாராட்டு விழா நடத்தினோம். துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலை வரக்கூடாது. தோல் பதனிடக்கூடாது. எண்ணெய், எரிவாயு எடுக்கப் புதிதாகத் துளை போடக்கூடாது. எல்லாம் நல்லதுதான், எரிவாயுத் துளையை எதிர்த்து நெடுவாசல், கதிராமங்கலம் ஊர்க்காரர்கள் தெருவில் கிடந்து வாங்கியது. ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் மஞ்சள் கல் இல்லை. தஞ்சை நஞ்சையில் தாமிரம் உருக்க வந்தவன் யார் என்று எனக்குத் தெரியாது. மனை போட வந்தவனை ஊரே அறியும். வராத திருடனுக்கு வாசலைப் பூட்டிவிட்டு, வந்தவனுக்குக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

நஞ்சையை மனையாக்க வேளாண் துறையின் ஒப்புதல் வேண்டும் என்று விதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வயலைச் சில வருடம் தரிசாகப் போட்டுவிட்டால் விதி தானாக இளகிவிடுகிறது. தண்ணீர் வராமல் செய்தால் தரிசாகிவிடும். தண்ணீர் வராமல் செய்ய அந்த ஆறு அங்குலக் குழாய் போதும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டே அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20 வரை செய்த தவறுக்குக் கட்டணம் கட்டினால் போதும், தவறு அங்கீகாரம் பெற்ற மனையாகிவிடும்.

சரி, குடியேறிய துரைமாருக்கு வருவோம். வயல்வெளிக் காட்சி என்று விளம்பரத்தில் பார்த்து வாங்கியவர்கள், வந்த மறுமாதமே வயல்மீது புகார் எழுதுகிறார்கள். ராத்திரி தவளை கத்துகிறது. அறுவடை மிஷின் தூசி மாடிக்கு வருகிறது. எரு நாற்றம் தாங்கவில்லை. அய்யனார் கோயிலில் ரேடியோ கட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், கீழத்தெருவின் சாவு ஊர்வலம் பறை கொட்டிக்கொண்டு "எங்கள் அவென்யூ" வழியாகச் சுடுகாட்டுக்குப் போகிறது. அந்தப் பாதை அவென்யூவுக்கு முன்பே அங்கே இருந்தது. ஆனால் வரைபடத்தில் அது இப்போது 'பூங்கா'. ஆங்கிலப் பெயர் வைத்துவிட்டால் சாதி உள்ளே வராது என்று நினைத்தீர்களா? செக்யூரிட்டிக்குச் சல்யூட் அடித்துவிட்டு முதல் ஆளாக உள்ளே போனது அதுதான்.

அந்த செக்யூரிட்டி யார்? போன வருடம் வரை இதே மண்ணில் அண்டை வெட்டியவர். அவர் மனைவி இங்கே நடவு நட்டவர், இப்போது மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அவர்கள் குடியிருப்பது வாய்க்கால் கரைப் புறம்போக்கில். பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்த தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கிய சட்டம் 1971-இல் வந்தது. புறம்போக்கில் குடியிருந்தவருக்கு அதில் இடமில்லை. அவருக்கு இன்று வருவது நோட்டீஸ், நீர்நிலை ஆக்கிரமிப்பு என்று. வாய்க்கால் கரையில் குடிசை போட்டவன் ஆக்கிரமிப்பாளன். வாய்க்காலையே மூடி வளைவு கட்டியவன் புரமோட்டர், கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழில் புரவலர்.

இத்தனைக்கும் நாம் காப்பியடிக்கும் வெள்ளைக்காரன் இப்படிச் செய்வதில்லை. லண்டனைச் சுற்றி அவன் பச்சை வளையம் ஒன்று வைத்திருக்கிறான். 1947-இல் திட்டச் சட்டம் போட்டு, ஊர் வீங்கி வயலை விழுங்காமல் பார்த்துக்கொள்கிறான். அந்த வளையத்துக்குள் வயலில் புதிதாக ஒரு வீடு எழுப்ப உள்ளாட்சி மன்றத்தில் தவம் கிடக்க வேண்டும். நாமும் 1971-இல் நகர் ஊரமைப்புச் சட்டம் போட்டோம். சிங்கத்தையும் தூணையும் எடுத்துக்கொண்டு பச்சையை அவனிடமே விட்டுவிட்டோம்.

ஐப்பசி அடைமழை வரும். அவென்யூவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். கார்கள் மிதக்கும். வாய்க்காலைத் தூர்வாராத அதிகாரிகளைக் கண்டித்து மறியல் நடக்கும். எந்த வாய்க்காலை என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மறியல் நடக்கும் சாலைக்கு அடியில்தான் அது இருக்கிறது.

வீடு யாருக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தஞ்சைக்குத் தெற்கிலும் மேற்கிலும் வல்லம் பக்கம் செம்மண் மேடு இருக்கிறது. நகரம் அங்கே வளரட்டும். அரசு செய்ய வேண்டியது ஒன்றுதான். 2020 சட்டத்தின் தடைப் பட்டியலில் நஞ்சை மனைப்பிரிவையும் சேர்க்கட்டும். மனை வாங்கப் போகிறவர்களே, தங்கக் காசையும் இலவச மதியச் சாப்பாட்டையும் பார்க்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்த சர்வே எண்ணின் அடங்கலைக் கேளுங்கள், என்ன பயிர் விளைந்தது என்று தெரியும். புலப்படத்தைக் கேளுங்கள், வாய்க்கால் எங்கே ஓடியது என்று தெரியும். கேட்காமல் பத்திரம் பதிந்தீர்களானால், ஐப்பசியில் கலெக்டரைத் திட்டும் உரிமை உங்களுக்குக் கிடையாது.