அரைக் கட்டை குறைச்சல்

போன மாதம் என் காருக்கு ஒரு ஆம்ப்ளிஃபையரும், சீட்டுக்கு அடியில் நுழையும் வூஃபரும், கதவுகளுக்குள் ஒட்டும் கறுப்பு டேம்பிங் ஷீட்டும் போட்டுக்கொண்டேன். மனைவியிடம் சொன்ன தொகை ஒன்று, கடையில் கொடுத்தது வேறு. அந்த வித்தியாசத்துக்கு, 1986-ல் அப்பா வாங்கிய பழைய பியட்டின் நாலு கதவும் டிக்கியும் வந்திருக்கும்.

1974-லேயே அந்த வண்டிக்குப் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் மந்தைவெளியில் அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசி வரை பியட்தான். டேஷ்போர்டு இரும்பு. அதன் நடுவில் காந்த அடிப்பாகத்தோடு கட்டை விரல் உயரத்தில் ஒரு பித்தளைப் பிள்ளையார். பழைய சொந்தக்காரர் வைத்தது. வண்டியோடு பிள்ளையாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

வண்டியில் இருந்த ரேடியோவில் மீடியம் வேவ் மட்டும். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-ல் இதே சென்னையில் தொடங்கியதாகப் பெருமை பேசுவார்கள். பேசுகிறவர் யார் காரிலும் எஃப்.எம். இருந்ததில்லை. முள்ளை 720-க்குத் திருப்பினால் சென்னை நிலையம் வரும், கூடவே ஸ்பார்க் பிளக்கின் பட்பட்டும் வரும். வண்டி வேகம் எடுத்தால் பட்பட்டும் வேகம் எடுக்கும். செய்தி வாசிப்பவர் ஓடிக்கொண்டே வாசிப்பதுபோல் இருக்கும்.

1988-ல் அப்பா பர்மா பஜாரில் ஒரு கேசட் செட் வாங்கி வந்தார். ஜப்பான் கம்பெனியின் பெயர்தான் முகப்பில் இருந்தது, ஒரே ஒரு எழுத்து மட்டும் இடறியது. எழுத்தைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. ஏழு அங்குல அகலம், இரண்டு அங்குல உயரம் என்பது உலகம் முழுக்கக் கார் செட்டுக்கான அளவு, ஜெர்மன்காரர்கள் வகுத்தது. பியட்டுக்கு அது தெரியாது. மெக்கானிக் ஆக்ஸா பிளேடை எடுத்து டேஷ்போர்டை அறுத்தார். அப்பா ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டார். சொந்தக் குழந்தைக்குக் காது குத்தும்போது நிற்பது மாதிரி.

ஆறு மாதம் சுகமாகப் பாடியது. பிறகு ஒரு சித்திரை வெயிலில், வடக்கு மாட வீதியில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தபோது கேசட்டில் பாடிய ஜி.என்.பி. மாறியிருந்தார். பிருகாக்கள் எல்லாம் படியிறங்கும் கிழவர்போல ஒவ்வொன்றாக வந்தன. உள்ளே மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான் சங்கதி. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அதில் நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தால் சுருதி அரைக் கட்டை இறங்கிவிடும், காலமும் கூடவே நீளும். அதாவது பெல்ட் தளர்ந்த செட்டில் எல்லா வித்வான்களும் எம்.டி. ராமநாதன் ஆகிவிடுவார்கள்.

கலாக்ஷேத்ராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் பயின்று, அங்கேயே சொல்லிக்கொடுத்தவர் எம்.டி.ஆர். ஆழமான குரல், அவசரமே இல்லாத விளம்ப காலம். அப்பாவுக்கு உயிர். அதனால்தான் கோளாறைச் சரிசெய்யத் தாமதமானது என்று இப்போது தோன்றுகிறது. எம்.டி.ஆர். கேசட் போட்டால் செட் பழுதா, பாட்டே அப்படியா என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் அப்பா அவர் கேசட்டுகளையே போட்டுச் சமாளித்தார். மூன்றாவது வாரம் அம்மா, "என்ன, இன்னிக்கு இவரும் தூங்கி வழியறார்?" என்றாள். அன்றைக்கே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் புறப்பட்டோம்.

கார் சாமான்களுக்கு அந்தத் தெருவை விட்டால் வேறு கதி இல்லை. ஜி.பி. ரோடு என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். இன்றைக்கும் கடை வாசலில் கதவு பிரித்துப் போட்ட கார்கள் நடைபாதையோரம் நிற்கும். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு பாய். ரிச்சி தெருவுக்குப் பையனை அனுப்பிப் புது பெல்ட் வரவழைத்தார், மாட்டினார். இப்போது வேகம் கூடிவிட்டது. ஜி.என்.பி.க்கு ரயிலைப் பிடிக்கும் அவசரம். மோட்டாரின் பின்பக்கம் ஒரு பொட்டுத் துளை; அதற்குள் குட்டி ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகினால் வேகம் ஏறும், இறங்கும். எங்கே நிறுத்துவது?

அப்பா டிக்கியைத் திறந்து துணிப்பையிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்தார்.

அதை வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எனக்குப் பதினாறு வயது. பின் சீட்டில் உட்கார்ந்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் துருத்தியை அமுக்க ஆரம்பித்ததும் நான் எதிர்ச்சாரியில் இருந்த டயர் கடையைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன். கூட்டம் கூடியது. ஜி.என்.பி.க்கு எத்தனை கட்டை என்பது அப்பாவுக்குக் கதவு எண் மாதிரி.

"ஏத்துங்க பாய்... இன்னும் ஒரு நூல்... ஐயோ, தாண்டிட்டீங்க."

பாய் ஐந்தாறு முறை திருகினார். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டு, "சார், கோச்சுக்காதீங்க. உங்க பெட்டி எனக்குப் புரியல. ஒரு நிமிசம்" என்று கடைக்குள் போய், தேய்ந்த ஒரு கேசட்டோடு வந்தார். நாகூர் ஹனீபா. அந்தக் குரல் எங்கே நிற்க வேண்டும் என்று பாய்க்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஒரே திருகு. "இதான் ஹனீபா." கேசட்டை மாற்றி ஜி.என்.பி.யைப் போட்டார்கள். அப்பா துருத்தியை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

"ஹனீபா சொன்னா சரி" என்றார்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் பாய்தான் எங்கள் குடும்ப வைத்தியர். 1997-ல் மாருதி 800 வந்தது, பிள்ளையார் இடம்பெயர்ந்தார். அங்கே டேஷ்போர்டு பிளாஸ்டிக், காந்தம் ஒட்டாது. இரட்டைப் பக்க ஒட்டு நாடாவில் நிற்கவைத்தோம். புது செட்டோடு பின்னால் இரண்டு ஓவல் ஸ்பீக்கர், சின்னதாக ஒரு ஆம்ப். வண்டியைக் கிளப்பினால் பாட்டுக்கு அடியில் ஒரு "குய்ய்ய்". ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் மேலே போகும். பெரியப்பா பின்னால் ஏறினால் தீர்ப்புச் சொல்லாமல் இறங்க மாட்டார்: "நின்னா ஒண்ணரைக் கட்டை. திரு.வி.க. பாலம் ஏறினா ஆறு. இதுக்கு எந்த வித்வான்டா பாடுவான்?"

ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மாறுமின்சாரம். டயோடுகள் அதை நேராக்கும்போது கொஞ்சம் அலை மிச்சம் நிற்கும். செட்டுக்கு ஒரு இடத்திலும் ஆம்புக்கு வேறோர் இடத்திலும் எர்த் கொடுத்திருந்தால், இரண்டுக்கும் நடுவில் அந்த மிச்சம் சுற்றிச் சுற்றி வந்து ஸ்பீக்கரில் பாடும். எனக்கு இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்தது. பாய் படிக்கவில்லை. இரண்டு எர்த் ஒயரையும் பிடுங்கி, சீட் போல்ட்டுக்குக் கீழே உப்புத்தாளால் பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் பளபளத்ததும் ஒரே இடத்தில் இறுக்கினார். பவர் ஒயரை இடது ஓரமாகவும் சிக்னல் ஒயரை வலது ஓரமாகவும் பிரித்து ஓட்டினார். குய் போயிற்று. "கரன்ட் எப்படி வருதுன்னு எல்லாரும் பாக்குறாங்க சார். எப்படித் திரும்பிப் போவுதுன்னு எவனும் பாக்கறதில்ல."

குய் போன பிறகுதான் கேசட்டின் "ஸ்ஸ்" கேட்க ஆரம்பித்தது. சிடி வாங்கினோம். ஸ்ஸ் போயிற்று, கதவு கிறீச்சிடுவது கேட்டது.

இப்போதைய கதைக்கு வருகிறேன். பிள்ளையாரும் இந்த வண்டிக்கு வந்துவிட்டார். இன்றைய காரில் செட்டைக் கழற்றவே முடியாது. அந்தக் கண்ணாடித் திரைக்குள்ளேதான் ரிவர்ஸ் கேமராவும் ஏசியும் குடியிருக்கின்றன. "ஒயரைத் தொடவே மாட்டோம் சார், கப்ளர் டு கப்ளர். வாரன்ட்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் கடைப் பையன். பையன் என்றேனே, எஞ்சினியரிங் பட்டதாரி. ஸ்க்ரூடிரைவருக்குப் பதில் மடியில் லேப்டாப். என் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மைக்கைக் கட்டித் தொங்கவிட்டார். ஸ்பீக்கர்கள் "புஸ்ஸ்" என்று விதவிதமாகச் சீறின. ஒலி மில்லிசெகண்டுக்குச் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். ஓட்டுகிறவருக்கு வலது கதவு பக்கம், இடது கதவு தூரம். பக்கத்தில் இருப்பதைக் கொஞ்சம் காக்கவைத்தால் இரண்டும் ஒன்றாகக் காதுக்கு வரும். காக்கவைத்தார். கண்ணை மூடிக் கேட்டேன். பாடகர் கதவுகளை விட்டு எழுந்துபோய், டேஷ்போர்டின் நடுவில், பிள்ளையாருக்குச் சற்றுப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். வயலின் ஒரு சாண் தள்ளி. மிருதங்கம் இந்தப் பக்கம்.

இந்த ஏற்பாடு என் தலைக்கு மட்டும். இடது பக்கம் உட்காரும் மனைவிக்குக் கச்சேரி மொத்தமும் அவள் கதவுக்குள் நடக்கிறது. அப்பாவின் பியட்டில் ஒரே ஸ்பீக்கர், மோசம்தான். ஐந்து பேருக்கும் ஒரே மோசம். தவிர, பாட்டு ஆரம்பித்து அனுபல்லவி வருவதற்குள் அவள் போனை புளூடூத் பிடித்துக்கொள்ளும். மைத்துனி வாட்ஸாப்பில் அனுப்பிய வாழைக்காய் விலை, பிள்ளையாருக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, துல்லியமாக ஒலிக்கும்.

பியட் காலத்தில் மயிலாப்பூர்க் குளத்திலிருந்து பனகல் பார்க் போக இருபது நிமிஷம்கூட ஆகாது. சரியாகத் தனி ஆவர்த்தனத்தில் கடை வந்துவிடும். அம்மா புடவைக் கடை வாசலில் நிற்க, அப்பா தீர்மானம் முடியும் வரை இறங்க மாட்டார். இப்போது மெட்ரோ ரயிலின் நாலாவது வழித்தடம் அதே இடங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்த வேலைக்காகத் தடுப்பு வைத்த தெருக்களில் ராகம் தானம் பல்லவி, துக்கடா, மங்களம் எல்லாம் முடித்துவிடலாம். வண்டி நிற்கிறது, எஞ்சின் தானாக அணைகிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது. சபாவில்கூட இவ்வளவு அமைதி இருக்காது. பின் வரிசையில் காப்பி டிபனைப் பற்றிப் பேச ஆளில்லை.

அந்த அமைதியில், நந்தனம் பக்கம் சிக்னலில், தனி ஆவர்த்தனத்தின்போது ஒரு "டிர்ர்".

தொப்பி அடிக்கும்போது மட்டும். வலந்தலைக்கு வராது. கடைக்குப் போனேன். வூஃபர் பெட்டி தளர்ந்திருக்கும் என்று பையன் இறுக்கினார். மறுநாளும் டிர்ர். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஸ்பாஞ்ச் வைத்தார். நாலு கதவின் பேடையும் கழற்றி மாட்டினார். கிளவ் பாக்ஸிலிருந்த மூக்குக் கண்ணாடிக் கூடு, சில்லறை, ஒரு ஜண்டு பாம் டப்பா எல்லாம் வெளியேற்றப்பட்டன. டிர்ர். கடைசியில் லேப்டாப்பிலிருந்து தாழ்ந்த ஸ்தாயியில் ஒரே ஒலியை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், காரின் உள்ளே ஒவ்வொரு சாமானாக விரலால் அழுத்தினார். 60 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் ஒன்றை அழுத்தினார், நின்றது. விரலை எடுத்தார், வந்தது.

பிள்ளையார். காந்த அடிப்பாகத்தில் அவரைப் பொருத்திய ஆணி என்றைக்கோ தளர்ந்திருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் ஆடிக்கொண்டு தாளம் போடுகிறார். பியட்டில் ஆடினாரா, மாருதியில் ஆடினாரா என்று கேட்க அப்போது யார் காதுக்கு வசதி இருந்தது?

எடுத்து உள்ளே வைத்துவிடலாமா என்றார் பையன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, "வேணாம் சார்" என்றார். டேம்பிங் ஷீட்டில் ரூபாய் நாணய அளவுக்கு ஒரு துண்டு வெட்டினார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, பிள்ளையாரை இரண்டு கையாலும் எடுத்து, அடியில் ஒட்டி, மறுபடி உட்கார்த்தினார். ஜி.என்.பி.யைப் போட்டோம். முழுத் தனியும் கேட்டோம்.

பிறகு லேப்டாப்பைத் திறந்து ரொம்ப நேரம் யோசித்தார்.

"சார், இதை பில்லுல என்னன்னு போடறது?"