காவக்காரன் கையில தராசா?

உக்காரு தம்பி. கொழுந்து வாட்டுற தொட்டியில வைக்க வெப்பமானி சில்லு வாங்கிட்ட, லினக்ஸ் டிரைவரும் எழுதிட்ட, கெர்னல்ல எந்தப் பக்கம் சேர்க்கிறதுன்னுதான் தெரியல. பெரிய படிப்புதான், ஒத்துக்கிறேன். எனக்கென்ன தெரியும், கோலா தெர்லாவுல கொழுந்து எடை பாத்தே கெழவனானவன். இருந்தாலும் சொல்றேன்.

தோட்டத்துல காவக்காரன், கிராணி, மண்டோருன்னு மூணு பேரு. உன் கெர்னல்லயும் அதே மாதிரி மூணு பக்கம். காவக்காரன் எல்லையைப் பாப்பான், தாண்டினா விசிலடிப்பான். அதான் எச்டபிள்யூமான். போர்டு சூடேறுதான்னு பாத்துக்கிட்டு, வரம்பு மீறினா அலாரம் காட்டும். கிராணி நிறுத்து எழுதுவான். அதான் ஐஐஓ. வெளி உலகத்தை அளக்கிறது அதோட தொழில். வேகமா அளந்து பஃபர்ல அடுக்கியும் குடுக்கும். மண்டோரு ஆளை ஏவுவான். அதான் தெர்மல். இத்தனை டிகிரியில ஃபேனைச் சுத்து, அத்தனை டிகிரியில பிராசசர் வேகத்தைக் கொறன்னு உத்தரவு போடும்.

இப்ப நீ அளக்கப்போறது கம்ப்யூட்டர் சூட்டையா, கொழுந்து மேல வீசுற காத்தையா? காத்துன்னா கிராணிகிட்ட போ.

ஐஐஓவைக் கட்டி மேய்க்கிறவர் பேரு ஜொனாதன் கேமரன். 1885-ல இந்த மலையை அளக்க வந்த வில்லியம் கேமரன் பேருதான் நம்ம கேமரன் மலைக்கு. ரெண்டு பேரும் அளக்கிற ஆளுங்க. இதுக்கு மேல சாமி வந்தா குறி சொல்லும்?

இன்னொண்ணு. எச்டபிள்யூமான்ல 18.5 டிகிரி, 18500-ன்னு வரும். மில்லி டிகிரிக் கணக்கு. ஐஐஓவுல சில்லு குடுக்கிற பச்சை எண்ணோட ஆஃப்செட்டைக் கூட்டி, ஸ்கேலால பெருக்கினா அதே 18500. அதைப் பாத்து மலை எரியுதுன்னு பொம்பாவைக் கூப்பிட்டுடாத.

காவக்காரனும் பாக்கணுமா? ஐஐஓ-எச்டபிள்யூமான்னு ஒரு பாலம் அங்கேயே இருக்கு. டிவைஸ் ட்ரீயில ஒரு நோடு எழுதினா முடிஞ்சுது. அதுக்காக இன்னொரு டிரைவர் எழுதிக் கைய வலிச்சுக்காத.

ஆமா, சில்லு பேரென்னன்னு சொல்லவேயில்லையே? எஸ்எச்டி31-ஆ? அடப்பாவி! அதுக்கு 2016-லயே எச்டபிள்யூமான்ல டிரைவர் வந்தாச்சே! காத்தை அளக்கிற சில்லு காவக்காரன்கிட்ட எப்படிப் போச்சுன்னு என்னைக் கேக்காத. முன்னாடி வந்தவங்க வெச்ச இடம். இப்ப அதை மாத்தினா, அதை நம்பியிருக்கிற புரோகிராமெல்லாம் உடையும்.

எழுதுறதுக்கு முன்னாடி தேடிப் பாத்தா எஞ்சினியர் பட்டத்தை யாரும் திருப்பி வாங்கிக்க மாட்டாங்க தம்பி. தே தாரே காசு நீ குடுத்துடு.