மேற்கட்டி இறங்கு படலம்: பெங்களூருக் கார்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது நன்னூலார் வகுத்த நெறி. எட்டையும் சொன்னால் நூலுக்கு இடமிருக்காது என்பதால் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். எல்லை: வடக்கே ஹெப்பாள் மேம்பாலம், தெற்கே சில்க் போர்டு சந்திப்பு, கிழக்கும் மேற்கும் அன்றன்றைய போக்குவரத்தைப் பொறுத்தவை. நுதலிய பொருள்: வயதான காரின் உட்கூரைத் துணி ஒட்டுவிட்டுப் பிரிந்து, ஓட்டுபவர் உச்சந்தலையில் வந்து உட்காருவது. பயன்: நடுக்கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் தெரியும்.

கடைத்தெருவில் இதை ரூஃப் லைனிங் என்பார்கள். பழைய நாளில் அரசர் தலைக்கு மேலே பட்டில் கட்டியதற்கு மேற்கட்டி என்று பெயர். அரசர் இருந்த இடத்தில் இப்போது காரின் கடைசித் தவணையைக் கட்டி முடித்தவர் இருக்கிறார். கடன் தீர்ந்து கார் முழுவதும் தன்னுடையதான பிறகுதான் மேற்கட்டி இறங்கத் தொடங்குகிறது என்பது இவ்வாய்வின் முதல் அவதானிப்பு. இதற்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் விதிவிலக்கைச் சொன்னால் அவதானிப்பு அழகாக இருக்காது.

களமாக ஏன் பெங்களூரு? ஆய்வுக்கு அவகாசம் வேண்டும். அதை இந்த நகரம் கேட்காமலே தருகிறது. டாம்டாம் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பெங்களூரு நகர மையத்தில் 10 கிலோமீட்டரைக் கடக்க 29 நிமிடம் 10 விநாடி ஆனது. உலகிலேயே அதைவிட மெதுவாக நகர்ந்தது லண்டன் மட்டும். பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்ட ஊரில், முன்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டை மனப்பாடம் செய்து முடித்தவன் அடுத்து எதைப் பார்ப்பான்? மேலேதான் பார்ப்பான். வேறு ஊர்களில் கூரை ஒட்டுவிட்ட சேதி கார்க்காரருக்குத் தெரிய மாதங்கள் ஆகலாம். இங்கே மாரத்தஹள்ளி தாண்டுவதற்குள் தெரிந்துவிடும்.

நோய் பெரும்பாலும் பின்கண்ணாடி ஓரத்தில் தொடங்கும். வெயில் நேராக இறங்கும் இடம் அது. முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் உப்பல். அழுத்தினால் உள்ளே போகும், கையெடுத்தால் மறுபடி இறங்கும். இந்தக் கட்டத்தில் வீட்டில் இருக்கும் எல்லோரும் ஆளுக்கொரு முறை அழுத்திப் பார்த்துவிடுவார்கள். அதனால் உப்பல் இன்னும் பரவும். பிறகு நடு விளக்கைச் சுற்றிப் பள்ளம் விழும். ஜன்னலை இறக்கி வேகமாகப் போனால் துணி படபடவென்று அடித்துக்கொள்ளும் (வேகமாகப் போகும் வாய்ப்பு அதிகாலையில் விமான நிலையச் சாலையில் மட்டுமே என்பதால் இவ்வறிகுறிக்குச் சான்று குறைவு). கடைசிக் கட்டம் தூள். பின்சீட்டில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு ஏறிய அத்தை, மல்லேஸ்வரத்தில் இறங்கும்போது பூவெல்லாம் மஞ்சளாக இருக்கும். தட்டினால் போகாது, பிசுபிசுக்கும். அத்தை ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த தடவை ஓலாவில் வருவார்.

இனி தத்துவம். சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று மூன்றைச் சொல்லும். உட்கூரையிலும் மூன்றே பொருள். தகட்டுக்குக் கீழே அச்சில் வார்த்த அட்டை, அசையாதது, பதி. நம் கண்ணுக்குத் தெரியும் துணி, பசு. இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் கனத்தில் ஃபோம், அதுவே பாசம். சித்தாந்தப்படி பாசம் கழன்றால் பசு பதியைச் சேரும். காரிலோ பாசம் கழன்றால் பசு பதியைக் கைவிட்டு நம் தலையைச் சேரும். இரு நெறிகளுக்கும் இடையில் முரண் இந்த ஓரிடத்தில்தான், ஆனால் இதற்குமேல் முரண்பட இடமும் இல்லை.

உலகத்தார் இந்த வீழ்ச்சிக்குப் பசையைக் குறை சொல்கிறார்கள். 'கம் போயிடுச்சு' என்பதே ஊர்வழக்கு. இதை நாம் வன்மையாக மறுக்கிறோம். துணியை உரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பசை அட்டையில் அப்படியே இருக்கிறது, துணியின் முதுகிலும் ஃபோம் படிந்திருக்கிறது. நடுவில் பிளந்துகொண்டது ஃபோம்தான். விரலால் தொட்டால் பொடியாகிறது. கூரை விழவில்லை, கூரையைப் பிடித்திருந்த பொருள் பல வருஷமாகச் செத்துக்கொண்டிருந்தது, நமக்குத் துணி விழுந்த அன்றுதான் தகவல் வந்தது.

அந்தப் பொருள் பாலியூரித்தேன். ஜெர்மனியின் லெவர்குசெனில் ஓட்டோ பேயரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1937இல் கண்டது. இதில் எஸ்டர் வகை, ஈதர் வகை என்று இரு குலங்கள் உண்டு. முன்னதைக் காற்றின் ஈரம் அறுக்கும். பின்னதை ஆக்சிஜனும் வெளிச்சமும் அரிக்கும். இரண்டுக்கும் சூடு கூட்டாளி. கல்யாணத்துக்கென்று வாங்கி அலமாரியில் பத்திரப்படுத்திய ஷூவை, அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் மண்டபத்து வாசலில் உதிர்ந்து கிடக்கிறதே, அது இந்தக் கூரையின் ஒன்றுவிட்ட தம்பி. 1960களின் ஃபோம் நாற்காலிகளைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களும் இதே பொடியோடு மல்லாடுகின்றன. அவர்கள் வெளிச்சத்தையும் ஈரத்தையும் அளந்து அளந்து விடுகிறார்கள். நாமோ காரை எம்.ஜி. ரோட்டில் மொட்டை வெயிலில் நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறோம்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். பெங்களூருக்காரர் எழுப்புவார். "எங்க ஊர் வெதருக்கு இதெல்லாம் ஆகாது சார், உங்க மெட்ராஸ்லதான்." கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே குடியிருப்பவரின் பெருமிதம் அது, வீட்டில் ஏசி வாங்கிய பிறகும் மாறாது. 2016 ஏப்ரலில் இதே ஊரில் 39.2 டிகிரி பதிவானது என்று நினைவூட்டினால், அது ஒரு வருஷம்தான் என்பார். சரி, அந்த வருஷத்தை விட்டுவிடுவோம். ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. அவர்கள் கவலைப்பட்டது மூடிய காரில் விட்டுச்செல்லப்படும் குழந்தைகளைப் பற்றி. கூரைத் துணியைப் பற்றி அல்ல. வெளியே வெறும் 22 டிகிரி இருந்த நாளில்கூட, வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி ஏறியது. ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள் நடந்துவிட்டது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை. இருபத்திரண்டு டிகிரி என்பது பெங்களூருக்காரர் ஸ்வெட்டர் தேடும் வெப்பம். அவர் ஸ்வெட்டரோடு நடக்கும் அதே வேளையில் அவருடைய ஃபோம் வெந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் நிழலில் நிறுத்தலாமே என்பது அடுத்த வாதம். நிறுத்தலாம். ஜெயநகரிலும் பசவனகுடியிலும் மிச்சமிருக்கும் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே இடம் கிடைத்தால் அது பூர்வ புண்ணியம். ஆனால் மரம் இருந்தால் காக்கை இருக்கும், மைனா இருக்கும், மாலையில் அவற்றுக்கு ஒரு பொதுக்கூட்டமும் இருக்கும். வெயிலில் நிறுத்தினால் கூரையின் உட்புறம் போகும், நிழலில் நிறுத்தினால் வெளிப்புறம் போகும். பெயின்ட்டா, ஃபோமா என்று ஒவ்வொருவரும் தம் மனசாட்சிப்படி முடிவெடுக்க வேண்டியதுதான்.

அம்பாசிடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் இந்தத் துன்பம் இல்லை. குறுக்கே கம்பிகள் போட்டு, துணியை அவற்றில் கோத்து, ஓரங்களை இழுத்துக் கட்டியிருப்பார்கள். கிழியும், அழுக்காகும், தைத்த இடம் விடும். ஃபோம் செத்து இறங்குவது என்பது மட்டும் கிடையாது. பிறகு அச்சு அட்டை வந்தது. லேசானது, சத்தத்தைக் குறைக்கும், தொழிற்சாலையில் ஒரே துண்டாக உள்ளே நுழைத்துவிடலாம். பல கார்களில் அது முன்கண்ணாடி பொருத்துவதற்கு முன்பே அந்தத் திறப்பு வழியாக உள்ளே போய்விடுகிறது. கண்ணாடி இல்லாதபோது போனது, கண்ணாடி இருக்கும்போது வெளியே வர வேண்டும் என்பதில்தான் பின்னாளைய மெக்கானிக்குகளின் கஷ்டமெல்லாம் அடங்கியிருக்கிறது.

வீட்டு வைத்தியத்தில் ஊசி மரபு பழையது. குண்டூசி, சேஃப்டி பின், நோட்டீஸ் போர்டு பின் எல்லாம் இதில் அடக்கம். அட்டையில் குத்தினால் நிற்கும். துணி அங்கங்கே கட்டுண்டு, இடையில் தொங்கி, கூரை முழுக்க மெத்தை தைத்ததுபோல் ஆகிவிடும். சிலர் இதையே அலங்காரம் என்று சாதிக்கிறார்கள். ஸ்பீட் பிரேக்கரில் ஊசி கழன்று எங்கே விழும் என்று சொல்ல முடியாது என்பது ஒன்று. கூரையின் இரு ஓரங்களிலும் கர்ட்டன் ஏர்பேக் மடிந்து படுத்திருக்கும் கார்களில் ஊசியோடு அந்தப் பக்கமே போகக் கூடாது என்பது இன்னொன்று. இது வேடிக்கைக்காகச் சொல்வதல்ல.

பசை மரபினர் ஊசியாரைவிடக் கற்றவர்கள். சிரிஞ்சில் வெள்ளைப் பசையை ஏற்றித் துணிக்குள் செலுத்துவார்கள். துணியில் கறை வரும், பசை இறுகும், மறுநாள் விழும். ஏனென்றால் பசை ஒட்டியிருப்பது அட்டையில் இல்லை, பொடியில். டபுள் டேப்புக்கும் இதே கதி. விபூதியின்மேல் ஸ்டாம்பு ஒட்ட முடியாது என்பதற்கு மேலே இதில் ஆராய ஒன்றுமில்லை.

ஆகவே எஞ்சும் வழி ஜே.சி. ரோடு. டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை போகும் அந்தச் சாலைக்கு மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயர். தத்துவம் எழுதியவர், ஸ்ரீவித்யா முத்திரையில் 94 கீர்த்தனைகள் செய்தவர். இன்று அவர் பெயரைச் சொன்னால் பெங்களூருவில் முதலில் நினைவுக்கு வருவது சீட் கவர். மன்னர்கள் பெயரைத் தெருவுக்கு வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

குஷன் வேலை செய்யும் பாய் ஒருவர் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கையால் தொடவில்லை.

"அட்டை நல்லாருக்குதா பாய்?"

"வெளிய எடுத்தாத்தான் தெரியும் சார். மடிச்சி எடுத்தா அட்டை ஒடஞ்சிரும். ஒடஞ்ச கோடு சாவற வரைக்கும் போவாது."

பிறகு நடந்தது பொறுமையின் வேலை. பேட்டரி வயரைக் கழற்றினார். சன் வைசர், மேல் கைப்பிடிகள், நடு விளக்கு, கதவோர ரப்பர் பீடிங், தூண்களின் பிளாஸ்டிக் மூடி எல்லாம் வரிசையாக வந்தன. முன்சீட்டைப் படுக்கவைத்து, அட்டையைச் சாய்த்து, இரண்டு பையன்கள் பிரசவம் பார்ப்பது போன்ற கவனத்தோடு வெளியே எடுத்தார்கள். நடைபாதையில் இரண்டு ஸ்டூல்மேல் கிடத்தினார்கள். துணி ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அதற்கு மேல்தான் உண்மையான வேலை: பழைய ஃபோமைப் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, அட்டை தெரியும்வரை எடுப்பது. மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்த பையனின் புருவம் மஞ்சளாகிவிட்டது. பாய் அட்டையில் உள்ளங்கையை ஓட்டினார், கையைப் பார்த்தார், "இன்னொரு வாட்டி தேய்டா" என்றார். இந்தத் தொழிலில் நல்ல கடை, மட்டமான கடை என்ற பாகுபாடு முழுவதும் அந்த இன்னொரு வாட்டியில்தான் இருக்கிறது. பூசும் சொல்யூஷனில் இல்லை, துணியின் விலையில் இல்லை.

புதுத் துணி ஃபோம் ஒட்டியே வருகிறது. அட்டையிலும் ஃபோமின் முதுகிலும் சொல்யூஷன் பூசி, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு மட்டும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்காத இடத்தில் பிற்பாடு உப்பும். வெயில் தாங்கும் சொல்யூஷனாகவும் இருக்க வேண்டும். பாதித் துணியை மடக்கி வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தள்ளிக்கொண்டே போனார். நடு விளக்கின் பள்ளம் வந்ததும் வேகம் குறைந்தது. அங்கே துணியை இழுத்துப் பாலம் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், வெயில் ஏறினதும் பிரியும். ஆகவே இழுக்காமல், சுற்றிலுமிருந்து துணியைச் சேர்த்துப் பள்ளத்துக்குள் கட்டைவிரலால் இறக்கினார். மூலைக்கு மூலை விரலின் நகத்தைத் திருப்பி அமுக்கினார். தப்பாக ஒட்டினால் பிரித்து ஒட்ட முடியாது. ஃபோம் கிழிந்து கையோடு வரும். ஓரத்தில் ஒரு அங்குலம் விட்டுப் பின்பக்கம் மடித்து ஒட்டினார். விளக்குக்கான ஓட்டையைக் கடைசியில்தான் வெட்டினார்.

நிறம் பற்றிப் பெரிய சர்ச்சை உண்டு. கம்பெனி கொடுத்த வெளிர் சாம்பலே வேண்டும் என்போர் ஒரு சாரார். இத்தனை செலவு செய்து அதே நிறமா என்போர் மறு சாரார். கறுப்புக் கேட்பவர்கள் பெருகி வருகிறார்கள். காருக்குள் குகை மாதிரி இருக்கும் என்று எச்சரித்தால், அதற்குத்தானே கேட்கிறோம் என்கிறார்கள். சிறுத்தைப் புள்ளி வெல்வெட் கேட்டவரைப் பற்றிப் பாய் பேசியது இவ்வாய்வின் தரத்துக்கு ஏற்றதல்ல.

அண்மையில் ஒரு புதுக் கிளை முளைத்திருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் கார்களின் கூரையில் நூற்றுக்கணக்கான ஒளியிழைகளைச் செருகி நட்சத்திர வானம் செய்கிறார்கள் அல்லவா, அதை இங்கே பழைய ஹாட்ச்பேக்கிலும் செய்யச் சொல்கிறார்கள். அட்டையில் ஊசியால் ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் இழை. அன்று அப்படியொரு வேலைக்காக வைட்ஃபீல்டிலிருந்து ஒரு இளைஞர் வந்திருந்தார். லேப்டாப் பையைக் கழற்றாமலே கேட்டார்: "நாளைக்கு இந்த ஸ்டார்ஸ் எல்லாம் கழண்டு விழாதே பாய்?"

பாய் கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஸ்டார் தனியா விழாது தம்பி. துணி விழுந்தா அதோட சேந்துதான் வரும்."