இழுபட்ட டேப்பில் ஒரு கல்யாணி

2020 ஆகஸ்ட்டில் சென்னையிலிருந்து எங்கள் அந்தமான் தீவுகளுக்குக் கடலடிக் கேபிள் வந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். இப்போது ஜங்லிகாட் மீன் கடைகளுக்கு நடுவே போனை உயர்த்திப் பிடித்தால் போதும், எங்கோ ஒலிக்கும் பாட்டின் ஜாதகமே வந்து விழுகிறது. நானும் அடிக்கடி பிடிப்பேன். பெரும்பாலும் எனக்குத் தெரிந்த பாட்டுக்குத்தான்.

பாட்டைக் கேட்டு இன்னதென்று சொல்லும் ஷாசம் நிறுவனத்தின் அவெரி வாங் 2003-ல் இந்த வித்தையை விளக்கி எழுதினார். ஒலியை அதிர்வெண் வரைபடமாக்கி, உச்சங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவது. உச்சங்களை இரண்டிரண்டாக முடிச்சுப்போட்டு, அவற்றின் அதிர்வெண்களையும் இடைவெளி நேரத்தையும் எண்ணாக்கிப் பட்டியலோடு ஒப்பிடுவது. மீன் பேரத்தின் கூச்சல் சில முடிச்சுகளைக் கெடுக்கும், மிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்த முறைக்குத் தெரிந்ததெல்லாம் குறிப்பிட்ட அந்தப் பதிவுதான். அதே பாட்டைத் திருவிழா மேடையில் வேறொருவர் பாடினால் அந்நியம்.

கேசட் காலத்தில் எங்களுக்கு ரெக்கார்டிங் கடை அண்ணன் இருந்தார். கேசட்டுகள் கப்பலில் வரும். ஓடி ஓடித் தேய்ந்த டேப் இழுபட்டு, ஜேசுதாஸ் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவார். சுருதியே இறங்கிப்போயிருக்கும், வாங்கின் எண்களில் ஒன்றுகூட அங்கே பொருந்தாது. அண்ணனோ வயலின் இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் "கல்யாணிடா தம்பி" என்பார். எந்தப் படம் என்பது மூன்றாவது இழுப்பில் வரும். அது பீடி இழுப்பு. தமிழே தெரியாத தெலுங்கு மீனவர் வந்து மூக்கால் முனகினாலும் சரியான கேசட்டை எடுத்து நீட்டுவார். கூலி, ஒரு டீ.

அண்ணனைப் போல ராகத்தை இனங்காணவும் கணினிக்குக் கற்றுக்கொடுக்க 2011-ல் பார்சிலோனாவில் சாவியேர் செர்ரா 'காம்ப்மியூசிக்' திட்டத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய நிதி; ஐஐடி மெட்ராஸில் ஹேமா மூர்த்தியின் குழுவும் சேர்ந்தது. பாடகரின் ஆதார சுருதியை முதலில் கண்டுபிடித்து, எல்லா ஸ்வரத்தையும் அங்கிருந்து அளக்கிறார்கள். பிறகு திரும்பத் திரும்ப வரும் ஸ்வரக் கோவைகளை, அதாவது பிடிகளை, தேடுகிறார்கள். ஆரபி, தேவகாந்தாரி ராகங்களுக்கு ஸ்வரங்கள் ஏறத்தாழ ஒன்றே. பிடியும் கமகமும்தான் பிரித்துக்காட்டும். கமகம் அசைய அசைய, ஸ்வரம் எங்கே நிற்கிறது என்று சொல்வதே கணினிக்குப் பெரும்பாடு.

அண்ணன் இப்போது ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். இந்த ஆராய்ச்சியைப் பற்றி விரிவாக எடுத்துச் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"இதுக்குச் சம்பளம் வேற குடுக்கிறானா?"