பெயருக்குப் பட்டா இல்லை

ஒரே தெருவில் நான்கு சுப்பிரமணியன்கள் குடியிருப்பதால் லோகத்துக்கு யாதொரு ஹானியும் இல்லை. தபால்காரர் தகப்பனாரின் முதலெழுத்தைக் கொண்டும், மளிகைக்கடைக்காரர் பாக்கித் தொகையைக் கொண்டும், மற்றையோர் தேக லட்சணத்தை உத்தேசித்துச் சூட்டிய பட்டப்பெயரைக் கொண்டும் அவர்களைப் பிரித்தறிந்து சௌக்கியமாகவே காலம் தள்ளுகிறார்கள். இணையத்தில் இந்த தாராள புத்தி செல்லாது. அங்கே முந்தி வந்தவரே சுப்பிரமணியன். பிந்தி வந்தவர்களெல்லாம் பிறந்த வருஷத்தையோ ஸ்கூட்டர் நம்பரையோ வாலாகக் கட்டிக்கொண்டுதான் நடமாட வேண்டும்.

ஸ்தலத்துக்கு ஸ்தலம் சாஸ்திரமும் வேறுபடுகிறது. ஜிமெயில் பெயர் 6 எழுத்துக்குக் குறையவும் கூடாது, 30-க்கு மேற்படவும் கூடாது. நடுவில் எத்தனை புள்ளி வைத்தாலும் அது லட்சியம் செய்வதில்லையாதலால், இனிஷியலுக்குப் பின் பக்தி சிரத்தையோடு புள்ளி வைக்கும் நம்மவர் ஆசாரம் அங்கே விழலுக்கு இறைத்த நீர். ட்விட்டரிலோ 15 எழுத்தே உச்சவரம்பு. ஆங்கிலத்தில் எழுதினால் 17 எழுத்துப் பிடிக்கும் மீனாட்சிசுந்தரம் என்னும் திவ்விய நாமத்தையுடைய என் சிநேகிதர், அம்மனை விடுவதா சுவாமியை விடுவதா என்ற தர்மசங்கடத்தில் நெடுநேரம் தவித்து, கடைசியில் ‘மீனா’வோடு சில இலக்கங்களைச் சேர்த்துத் திருப்தியடைந்தார், அன்றுமுதல் முன்பின் அறியாத வாலிபர்கள் பலர் அவருடைய க்ஷேமத்தை அகாலத்தில் விசாரித்து வருகிறார்கள்.

இவ்வளவு பிரயாசைப்பட்டு அடைந்த பெயராவது நிலைக்குமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. 2023-இல் ட்விட்டர் தன் பெயரை எக்ஸ் என்று மாற்றிக்கொண்டபோது, அந்த ஒற்றையெழுத்துப் பெயரை 2007 முதல் வைத்திருந்த அமெரிக்க அன்பர் ஒருவரிடமிருந்து அதை எடுத்துக்கொண்ட நிறுவனத்தார், பணம் ஏதும் கொடாமல், தங்கள் முத்திரை பதித்த சில சாமான்களையும் அலுவலகத்தைச் சுற்றிப்பார்க்கும் பாக்கியத்தையும் அளிக்க முன்வந்தார்கள். பிறத்தியார் நிலத்தைப் பகிரங்கமாகவும் இடைவிடாமலும் 12 வருஷம் தன்னுடையதென்றே ஆண்டு வந்தவன், நம் தேசத்துச் சட்டப்படி அந்த நிலத்துக்கே பாத்தியம் கொண்டாடலாம். 16 வருஷம் ஆண்ட பெயருக்கோ ஒரு சட்டைதான் மிச்சம்!

ஆகவே, புதிதாகப் பெயர் தேடுவோருக்கு அடியேனின் விண்ணப்பம் இதுதான்: எந்தக் கோடீசுவரரும் எக்காலத்திலும் ஆசைப்பட முடியாத பெயராகப் பார்த்துச் சூட்டிக்கொள்ளுங்கள். சற்று விகாரமாக இருந்தாலும் பாதகமில்லை, ஆயுசு கெட்டி.