முத்திரைப் பித்தர்

கியோட்டோவில் கோயில் சுற்றிக் காட்டும் எந்தப் பேருந்தில் ஏறினாலும் இவர் ஒருவர் இருப்பார். கதவை ஒட்டிய இருக்கை இவருடையது. வண்டி நின்றதும் முதலில் இறங்கியாக வேண்டுமே! மடியில் விசிறிமடிப்பாக ஒரு புத்தகம், கோஷுயின்சோ என்பார்கள். கோயிலுக்குக் கோயில் அதில் தூரிகையால் எழுதி, செந்நிற முத்திரை வைத்துத் தருவார்கள். காணிக்கை பெரும்பாலும் 300 முதல் 500 யென். அதற்கான சில்லறையை முந்தின இரவே எண்ணிப் பொட்டலம் கட்டியிருப்பார்.

கின்ககுஜியின் பொன் மண்டபத்தை 1950இல் ஓர் இளந்துறவியே கொளுத்திவிட்டார், 1955இல் மறுபடி எழுப்பினார்கள் என்று வழிகாட்டிப் பெண் குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். "முத்திரை அறை எந்தப் பக்கம்?" என்பார் இவர். ரியோவான்ஜி கல்தோட்டத்தில் 15 கற்கள். எங்கே உட்கார்ந்தாலும் ஒன்று ஒளிந்துகொள்ளும். மற்றவர்கள் கழுத்தை நீட்டிப் பதினைந்தாவதைத் தேடுவார்கள். இவர் மற்ற பதினாலையும் பார்த்ததில்லை. சன்ஜூசன்கென்டோவில் கன்னோன் என்னும் போதிசத்துவருக்கு 1,001 சிலைகள், கைகளுக்குக் கணக்கே இல்லை. இவர் கண்ணோ தூரிகை பிடித்த ஒரே கையின் மேல்.

கும்பிட்ட பிறகே முத்திரை என்பது முறை. அதற்காக வரிசையில் நின்றபடியே சன்னிதி இருக்கும் திசைக்கு ஒரு தலைவணக்கம். (அந்தக் காலத்தில் சூத்திரத்தைக் கைப்படப் படியெடுத்துக் கோயிலுக்குக் கொடுத்தவருக்குத் தந்த ரசீதுதான் இது என்கிறார்கள். இவருக்கு ரசீது போதும்.)

ஆசாரத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. பௌத்தக் கோயிலுக்கு ஒரு புத்தகம், ஷின்டோ கோயிலுக்கு வேறு. ரயில் நிலையத்து ரப்பர் முத்திரையை இதே புத்தகத்தில் குத்திக்கொண்ட யாரையாவது பார்த்துவிட்டால் அன்று இவருக்குச் சோறு இறங்காது. எழுதுபவர் இல்லாத நாளில், முன்பே எழுதிய தாளை நீட்டி "நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள்" என்றாலோ, துக்க வீடுதான்.

வீரக்கதையும் உண்டு. 2019 மே 1, புதுப் பேரரசரின் ரெய்வா யுகம் பிறந்த அன்று, டோக்கியோ மெய்ஜி ஜிங்குவில் முத்திரைக்காகப் பத்து மணி நேரம்வரை கால்கடுக்க நின்ற கூட்டத்தில் இவரும் இருந்தார். கோயில் எப்படி என்று கேட்காதீர்கள். முன்னால் நின்றவரின் முதுகை அழகாக வர்ணிப்பார்.

தலை எண்ணும்போது ஒன்று குறைந்தால் வழிகாட்டிப் பெண் பதறுவதில்லை. நேரே முத்திரை அறைக்குப் போய்க் கூட்டிவருவார்.

இறந்தவரோடு இந்தப் புத்தகத்தையும் பெட்டியில் வைப்பது அங்கே சிலர் வழக்கம். மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் புத்தகம் நிரம்பாமல் கிளம்பமாட்டாராம். காலிப் பக்கம் மூன்றாகக் குறைந்ததுமே புதுப் புத்தகம் வாங்கிவிடுகிறார்.