மருமவனே, பாத்து ஜெபம் பண்ணு

நோட்டீஸைக் கொண்டா மருமவனே, கண்ணாடியைப் போட்டுக்கிடுதேன். ‘மாபெரும் எழுப்புதல் பெருவிழா.’ பேஷ். பிரசங்கியார் படம் அரைப்பக்கம், நம்ம ஐயர் படம் உள்ளங்கை அளவு, கமிட்டி ஆளுவ எல்லாரும் வரிசையா பாஸ்போர்ட் சைஸுல. நீயும் இருக்க, கோட்டு மாட்டியிருக்க. இந்த வெயிலுக்குக் கோட்டு ஏதுல, ஸ்டூடியோக்காரனதா? ஆண்டவருக்குத்தான் எடம் பத்தலை போல. அவரு கோவிக்க மாட்டாரு, கமிட்டியில இல்லாதவருதான.

ராத்திரி ஒம்பதரைக்கு ஆசீர்வாத ஜெபத்தோட முடியும்னு வேற அச்சடிச்சிருக்க. இந்த நேரத்தை ஆவியானவர்கிட்ட கேட்டுப் போட்டீயளா, மைக் செட்டுக்காரன்கிட்ட கேட்டுப் போட்டீயளா? சரி விடு. கீழ ஆபகூக் மூணு ரெண்டு. அதானே பாத்தேன். நான் டவுசர் போட்ட காலத்துலேருந்து எல்லா நோட்டீஸிலயும் அந்த ஒரு வசனந்தான். அந்தத் தீர்க்கதரிசி மிச்சம் என்ன எழுதினாருன்னு நம்மூர்ல எவனுக்கும் தெரியாது.

வேண்டாம்னு சொல்லலை, ஜோரா நடத்து. ஆனா மிஷன் ஸ்கூல்ல பிள்ளையளுக்குச் சரித்திரம் சொல்லிக்குடுத்தவன், அதனால ஒரு புத்தி மட்டும் சொல்லுதேன். பந்தல் போடு, பாட்டுப் படி, ஆளைக் கூட்டு. நெசமான எழுப்புதல் மட்டும் உள்ள நொழைஞ்சிராமப் பாத்துக்கோ. நொழைஞ்சா ஒன்னால தாங்க முடியாது. என்னாலயும் முடியாது.

சிரிக்காத, கேளு. அமெரிக்காவுல நியூயார்க் பட்டணத்துல ஜெரமையா லான்ஃபியர்னு ஒருத்தரு. துணி யாவாரம் பண்ணிட்டு ஊழியத்துக்கு வந்த ஆளு. 1857 செப்டம்பர் 23, நடு மத்தியானம், ஃபுல்டன் தெருவுல ஒரு ரூம்பைத் தொறந்து வச்சிட்டு ஜெபத்துக்கு வாங்கன்னு காத்துக் கெடந்தாரு. அரை மணி நேரம் ஒரு குஞ்சு வரலை. பொறவு ஒவ்வொருத்தராப் படியேறி, மொத்தம் ஆறு பேரு. நம்ம கமிட்டியா இருந்தா அன்னைக்கே பந்தல்காரன்கிட்ட அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருப்பீய. அடுத்த மாசமே அங்க பாங்குவ எல்லாம் கதவைச் சாத்துச்சு, யாவாரிய கூட்டங்கூட்டமா முழங்கால்ல நின்னாவ. துட்டு போன பொறவு முழங்கால் நல்லா மடங்கும், அது எந்த ஊரானாலும் அப்படித்தான். அந்தச் சேதி கடல் தாண்டி 1859ல அயர்லாந்துல அல்ஸ்டர் பக்கம் தீயாப் பிடிச்சுது. அங்கேருந்து சேதி எங்க வந்துது தெரியுமா? நம்ம திருநெல்வேலிச் சீமைக்கு.

யோவான் கிறிஸ்தியான் அருளப்பன்னு கேள்விப்பட்டிருக்கியா? முழிக்க. இங்கிலாந்து பிரசங்கியார் பேரு பத்து சொல்லச் சொன்னா மூச்சுவிடாமச் சொல்லுவ. நம்ம ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில நடத்துன செமினரியில படிச்ச பையன் அவரு. பொறவு குரோவ்ஸ்னு ஒரு இங்கிலீஷ்காரரு கூடச் சேந்தாரு. அந்தக் குரோவ்ஸ் ஊருல பல் வைத்தியரா இருந்து நல்லாச் சம்பாதிச்சவரு, எல்லாத்தையும் உதறிட்டு, ஒரு சங்கத்துக்கிட்டயும் சம்பளம் வாங்காம ஊழியம் செய்யணும்னு கெளம்புன பிடிவாதக்காரரு. சொத்தைப் பல்லைப் பிடுங்கினவருக்குச் சபையில சொத்தை எங்க இருக்குன்னா தெரியாது? சம்பளம் வாங்காத அந்தப் பாடத்தை அருளப்பன் நல்லாப் படிச்சிக்கிட்டாரு. 1840ல வத்திராயிருப்புப் பக்கத்துல கிறிஸ்தியான்பேட்டைன்னு ஒரு ஊரையே உண்டாக்கினாரு. இப்ப அது விருதுநகர் ஜில்லா, அப்ப திருநெல்வேலி.

1860 மார்ச் மாசம் அந்த ஊருல ஆரம்பிச்சுது. ஜனங்க நடுங்குதாவ, தரையில விழுதாவ, செஞ்ச பாவத்தை நாலு பேரு முன்னால வாய்விட்டுச் சொல்லி அழுதாவ. அன்னியபாஷை, தீர்க்கதரிசனம், தரிசனம் எல்லாம் உண்டு. இதுல ஆம்பளை பொம்பளைன்னு கணக்கில்லை. இப்ப அன்னியபாஷைன்னா அமெரிக்காவுல அசூசா தெரு, 1906ன்னு நீயெல்லாம் பேசுத. அதுக்கு 46 வருஷம் முன்னாலயே நம்ம வத்திராயிருப்புப் பக்கம் பேசியாச்சுல! போஸ்டர் ஒட்டாமப் போனதுதான் நாம செஞ்ச தப்பு.

அதுக்குப் பொறவு நடந்ததுதான் விவகாரம். சும்மா உக்காந்திருந்த விசுவாசிய, நாளைக்கு வெள்ளைக்காரன் என்ன தருவான்னு கேக்காம, சம்பளமில்லாம ஊரூராப் பிரசங்கம் பண்ணப் பொறப்பட்டுட்டாவ. மிஷனெரி ஐயருமாருக்குச் சந்தோஷம் ஒரு கண்ணுல, சந்தேகம் மறு கண்ணுல. பின்ன இருக்காதா? சம்பளம் வாங்காதவனை எந்தக் கணக்குப் புஸ்தகத்துல எழுத? எந்த ஊருக்கு மாத்த? இப்ப நம்ம சேகரத்துல நாலு பேரு அப்படிப் பொறப்பட்டா மொதல்ல நீதான் கேப்ப, ‘யாருகிட்ட அனுமதி வாங்கிட்டுப் போறீய’ன்னு.

அங்க கோளாறும் இல்லாம இல்ல, அதையும் சொல்லிருதேன். அந்தத் தீ மலை தாண்டி 1870களில திருவிதாங்கூர்ல பத்துச்சு. அங்க ஜஸ்டஸ் ஜோசப்புன்னு ஒரு ஐயரு, பிராமணரா இருந்து வேதத்துக்கு வந்தவரு, நல்ல வித்துவான். உற்சாகத்துல தனிச் சபையே கண்டு, ஆண்டவர் 1881ல வந்திருவாருன்னு தேதி குறிச்சிட்டாவ. 1881 வந்துது, அவரு வரலை. கூட்டம் பெரும்பாலும் கலைஞ்சி போச்சு. ஆனா அவரு கட்டுன பாட்டுவ இன்னைக்கும் மலையாளச் சபையள்ல படிக்காவ. தேதி பொய்யாகி பாட்டு நின்னுட்டு. நம்ம நோட்டீஸுல தேதி சரியாத்தான் போட்டிருக்கு, பாட்டுதான் அடுத்த வாரமே மறந்துபோகும்.

ஒனக்கு வேல்ஸ் தேசத்துக் கதை பிடிக்கும், யூடியூப்ல பாத்திருப்ப. இவான் ராபர்ட்ஸ், சுரங்கத்துல நிலக்கரி வெட்டுனவரு, 1904ல வயசு 26. அதுக்கும் முன்ன அதே வருஷம் ஃப்ளோரி எவன்ஸ்னு ஒரு எளம்பிள்ளை நியூ கீயில கூட்டத்துல எந்திரிச்சி ஒரே ஒரு வார்த்தை சாட்சி சொன்னதுலதான் மொதப் பொறி விழுந்துதுன்னு சொல்லுவாவ. நம்ம கமிட்டியில பொம்பளையாளு எத்தனை பேரு? தெரியும், சமையல் கமிட்டியில இருக்காவ. வேல்ஸுல லட்சம் பேருகிட்டச் சபையில சேந்தாவன்னு யூடியூப்ல சொல்லியிருப்பான். எனக்குப் பிடிச்சது குதிரைதான். சுரங்கத்துல வண்டி இழுத்த மட்டக்குதிரையளுக்குக் கெட்ட வார்த்தை சொன்னாத்தான் நடக்கப் பழக்கம். சுரங்கத்து ஆளுவ மனந்திரும்பிக் கெட்ட வார்த்தையை விட்டதும், குதிரைய என்ன சொல்லுதாவன்னு வெளங்காம நின்ன எடத்துலயே நின்னுட்டாம். நம்ம பஸ் ஸ்டாண்டுல அப்படி ஒரு எழுப்புதல் வந்தா பஸ் ஒண்ணும் கெளம்பாது.

இன்னொண்ணு கேளு. அங்க சில கோர்ட்டுல விசாரிக்க வழக்கே இல்லாமப் போயி, நீதிபதிக்கு அவங்க வழக்கப்படி வெள்ளைக் கையுறை குடுத்து அனுப்பினாவளாம். இதை மனசுல வச்சுக்கோ, பொறவு வாரேன்.

அந்த இவான் ராபர்ட்ஸ் 1906ல ஒடஞ்சி, மேடையை விட்டு எறங்கிட்டாரு. 1951 வரைக்கும் உசிரோட இருந்தாரு, பெரிசா வெளிய தலைகாட்டலை. நீ கூட்டியாரப் போற ஆளுக்கு எறங்கத் தெரியுமான்னு பாத்தியா? நம்ம டோனாவூர்ல 1905ல மிஷனெரி கார்மைக்கேல் அம்மா பேசிக்கிட்டிருக்கும்போதே மேல பேச முடியாமப் போச்சு, சபையே ஜெபத்துல விழுந்துட்டு. நம்மாளு மைக்கைக் கரண்டு போனாக்கூட விட மாட்டாரு. அது ஒரு வகைக்கு நல்லதுதான். சத்தம் கொறையவே விடாத. கீபோர்டுக்காரனை ஜெப நேரத்துலயும் வாசிக்கச் சொல்லு. ஒரு நிமிஷம் பந்தல்ல அமைதியானா, அவனவனுக்கு அவனவன் மனசாட்சி பேசுதது கேட்டுப்போவும்.

எழுப்புதல்னா வெளியாளு பந்தலுக்குள்ள வாரதுன்னு நெனைச்சிருக்க. வெளியாளு வாரதெல்லாம் பொறவு. மொத அடி வீட்டாளுக்குத்தான். நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டுலதான் தொடங்கும்னு பேதுரு எழுதி வச்சிருக்காரு, அவருக்கு கமிட்டி அனுபவம் உண்டு. எருசலேம்ல ஆவியானவர் எறங்குன சூட்டுல என்ன நடந்துது? நெலத்தை வித்த கணக்கைக் கொறைச்சுச் சொன்ன புருஷனும் பொஞ்சாதியும் அந்த எடத்துலயே செத்து விழுந்தாவ. அந்த மாதிரி எழுப்புதல் போன அசனத்துக் கணக்கு வாசிக்க அன்னைக்கு நம்ம கோயில்ல வந்திருந்தா, தூக்க ஆளு மிஞ்சியிருக்குமா?

ஐயர்கிட்டயும் சொல்லி வை. நார்தாம்ப்டன்னு அமெரிக்காவுல ஒரு ஊரு, 1734ல பெரிய எழுப்புதல். அதை நடத்துன ஜோனத்தான் எட்வர்ட்ஸ் ஐயர், பொறவு திருவிருந்துக்கு யாரு யாரு தகுதின்னு கண்டிப்புக் காட்டினாரு. அதே சபை 1750ல ஓட்டுப் போட்டு அவரை வெளிய அனுப்பிட்டு. நம்ம ஐயருக்கு மாத்தல் வர இன்னும் வருஷம் இருக்குல்லா, பாத்துப் பேசச் சொல்லு.

கடைசி நாளு என்ன வேதபாகம்? நெகேமியா எட்டு. எஸ்றா புஸ்தகத்தைத் தொறக்க, ஜனமெல்லாம் அழுத அதிகாரம். நல்லது. பிரசங்கியார்கிட்டக் கெஞ்சிக் கேட்டுக்கோ, மறந்தும் அஞ்சாம் அதிகாரத்துப் பக்கம் போயிரக்கூடாது. அங்க அழுகை கெடையாது, அடமானம் பிடிச்ச வயலையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் சொந்தச் சகோதரனுக்கு இன்னைக்கே திருப்பிக் குடுன்னு சொல்லியிருக்கு. வட்டியையும் விடச் சொல்லுது. அழுத அதிகாரம் எட்டு, துட்டைத் திருப்பிக் குடுத்த அதிகாரம் அஞ்சு. எது முன்ன வருதுன்னு எண்ணத் தெரியும்லா?

வாய்தா என்னைக்கு? ஏன் முகத்தைத் திருப்புத, ஒனக்கும் ஒங்க அண்ணனுக்கும் நடக்க கிணத்துப் பங்கு வழக்கைத்தான் கேக்கேன். திங்கக்கிழமைன்னா, பெருவிழா முடிஞ்ச மறுநாளு. நம்ம ஜட்ஜய்யாவுக்கு ஒரு ஜோடி கையுறை தைக்கச் சொல்லட்டா? சும்மா கேட்டேன். நோட்டீஸுல ஒரு கத்தை இங்க வச்சிட்டுப் போ. ஒங்க அண்ணன் வீட்டுக்கு நான் கொண்டு குடுக்கேன், நீ போயி நின்னா நாயை அவுத்துவிட்டுருவான்.

கோவிச்சுக்கிட்டு எந்திரிக்காதல. அத்தை காப்பி கொண்டு வாரா, குடிச்சிட்டுப் போ. கருப்பட்டி ஒங்க அண்ணன் பனையில எறக்குன பதநீரைக் காய்ச்சுனதுதான், அதுக்காவ பாதியில வச்சிராத.